முடிப்பில் இருந்த செப்புக்காசு

அமிர்தியைத் தாண்டி மலையேறிய பஸ்ஸில் என் கணவர் குணசீலன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். எல்லாம் காசுப் பேச்சுதான். சம்புவராயர் காலத்துக் காசுகளை எங்கெங்கிருந்தோ வாங்கிச் சேர்த்தவருக்குத் தன் பூர்வீக மலையிலிருந்து மட்டும் ஒன்றும் அகப்படவில்லையாம். எனக்கு எரிச்சலாக வந்தது. வேலூர் வீட்டில் துவைக்கிற துணி அப்படியே கிடந்தது.

அவருடைய சித்தப்பா மகன் ரங்கன்தான் இப்போது அந்தப் பழைய வீட்டில் இருக்கிறான். பகலிலும் உள்ளே இருட்டு, சாமை மூட்டைகளின் வாசனை. சாமி மாடத்தில் ஒரு மஞ்சள் துணி முடிப்பு இருந்தது. அதைத் தடவிப் பார்த்ததுமே இவர் கண் விரிந்தது.

ரங்கன் குரலைத் தாழ்த்தினான். "வேணாம்ணா. மூணு வயசுல உனக்கு ஜுரம் வந்து மூச்சே நின்னுபோச்சாம். பெரியம்மா உன் பேரைச் சொல்லி இந்தக் காசை முடிஞ்சி வெச்ச பெறகுதான் கண்ணு முழிச்சியாம். அவுக்காத."

பெரியம்மா என்றால் என் மாமியார் கன்னியம்மாள்.

"இத எடுத்துட்டு வேற காசு வெச்சிட்றேன். சாமிக்கு எல்லாம் ஒண்ணுதான்டா."

அவிழ்த்தார். செப்புக்காசு, ஒரு பக்கம் காளை. அதன் இடத்தில் பத்து ரூபாய் நாணயத்தை வைத்து முடிந்தார்.

"விரல் மரத்துப்போச்சு சுதா," என்று கையை உதறிக்கொண்டார்.

மறுநாள் காலை, வேலூர் வீட்டில் கொதிக்கிற காபியை ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு வெந்து தோல் உரிந்தது.

அவருக்குத் தெரியவில்லை.

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

நாடி இல்லை.

"இன்னா பயந்துட்ட? எனக்குத்தான் ஒண்ணும் வலிக்கலியே," என்று லென்ஸ் வைத்துக் காளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. இந்த மனுஷனைப் பறிகொடுத்துவிடக் கூடாது என்பது மட்டும் மண்டைக்குள் நின்றது. காசைப் பிடுங்கிக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு மலைக்கு பஸ் ஏறினேன்.

ரங்கன் வீட்டுக்கு வெளியே நின்றிருந்தான். "நேத்துலர்ந்து உள்ள யாரோ சின்னப் புள்ள மொனவுது அண்ணி."

உள்ளே போனோம். மாடத்திலிருந்துதான் அந்த முனகல் வந்தது. ஜுரத்தில் கிடக்கும் குழந்தையின் மூச்சு. வேப்பிலையும் புளித்த பாலும் கலந்த வாடை.

நாணயத்தை எடுத்தெறிந்துவிட்டுச் செப்புக்காசை வைத்தேன்.

"பேரச் சொல்லி முடிங்க அண்ணி."

"குணசீலன்."

முனகல் நின்றது.

அவர் கையில் சூடு ஏறியது. நாடி துடித்தது. ரங்கன் கையெடுத்துக் கும்பிட்டான். அப்பாடா, எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இறங்குகிற பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. கால்களை மடக்கிக்கொண்டு என் மடியில் சாய்ந்தார். நாற்பது வயது ஆள். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரந்தாங்க. வூட்டுக்குப் போய்டலாம்," என்றேன்.

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். யாரோ வேற்று மனுஷியைப் பார்க்கிற பார்வை. உதடு பிதுங்கியது.

"எங்கம்மா எங்க?"

மழலைக் குரல்.

கன்னியம்மாள் செத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது.

"வந்துடுவாங்க," என்று சொல்லி முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.