காதுக்குப் பின்னால் ஒரு வெற்றி

ஊட்டியில் மழை கொட்டினால் என்ன, கொடைக்கானலில் அறை கிடைக்காவிட்டால் என்ன? காதுக்குப் பின்னால் ஒரு நினைவொட்டு ஒட்டிக்கொண்டால் போதும். பொட்டளவு நீலத் தாள்தான். நடந்ததை உறிஞ்சிவிட்டு, நடந்திருக்க வேண்டியதை மூளையில் வைத்துவிடும். அது வந்த பிறகு எந்தக் குடும்பமும் விடுமுறையில் சண்டை போட்டுக்கொண்டு வீடு திரும்பியதில்லை.

வேணிக்கு மட்டும் அதைக் கண்டாலே ஆகாது. ஈரோட்டில் கார் ஏறும்போதே கணவன் செங்கோடனிடம் கறாராகச் சொன்னாள். "இந்தத் தடவை நல்லதோ கெட்டதோ, பாத்தது பாத்தபடி இருக்கோணுங்க."

கடலோரமாகவே ஊர் ஊராகச் சுற்றிவிட்டு முத்துத்துறை ஏவுதளத்துக்கு வந்தார்கள். பார்வையாளர் மாடத்தில் மகள் பூவினி கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். ஏவூர்தி எழும்பியது. பனைமர உயரம் தாண்டியதும் சாய்ந்தது. அப்படியே கடலில் விழுந்து வெடித்தது. ஆளில்லாத சோதனை ஓட்டம்தான். ஆனாலும் அனல் காற்று முகத்தில் அறைந்தது. பூவினி வீறிட்டு அழுதாள்.

உடனே சீருடைப் பெண்கள் தட்டுகளோடு வந்துவிட்டார்கள். கல்யாண வாசலில் சந்தனம் நீட்டுவது போல நினைவொட்டுகளை நீட்டினார்கள். செங்கோடன் ஒன்றை மகளுக்கு ஒட்டினான், இன்னொன்றைத் தனக்கு.

"ஏனுங்க, என்ன பண்றீங்க!"

வேணி பிடுங்குவதற்குள் அழுகை நின்றுவிட்டது. குழந்தையின் கன்னத்தில் கண்ணீர் காயவில்லை, வாய் சிரித்தது.

"அம்மா, ராக்கெட் எப்படி ஜம்முனு போச்சு பாத்தியா?"

"போகல கண்ணு. விழுந்துருச்சு."

"புள்ளைகிட்ட எதுக்குப் பொய் சொல்ற?" செங்கோடன் உண்மையாகவே கோபப்பட்டான். "நீயுந்தான கை தட்டுன?"

வேணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேராக இயக்குநர் அறைக்குள் நுழைந்தாள். அங்கே எல்லோருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எம்புள்ள கண்ணால பாத்ததைப் புடுங்கறதுக்கு நீங்க யாரு? விழுந்துச்சுன்னு ஒத்துக்க வெக்கமா இருந்தா, இழுத்து மூடிட்டுப் போங்க!"

இயக்குநர் அமலோற்பவம் விழித்தார். "எதும்மா விழுந்துச்சு?"

அது நடிப்பில்லை. அவர் காதுக்குப் பின்னாலும் நீலம். சுற்றி நின்ற பொறியாளர்கள் ஒவ்வொருவருக்கும் நீலம். தோல்வியில் மனம் உடையக் கூடாதென்று அவர்களும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஜன்னலத் தொறந்து பாருங்க! கடல் இன்னும் எரியுது!"

"ராக்கெட் கிளம்புனா புகை வரத்தானே செய்யும்?" அவர் பரிவோடு சிரித்தார். "வெள்ளிக்கிழமை அடுத்தது போகுது, அதையும் பாத்துட்டுப் போங்க. ஒரு திருகாணியக்கூட மாத்தப் போறதில்ல. இன்னிக்குத்தான் எல்லாம் அவ்வளவு கச்சிதமா இருந்துச்சே!"

பக்கத்தில் லட்டைப் பிட்டுக்கொண்டிருந்த நான்கு இளைஞர்களின் பக்கம் பெருமையாகக் கை காட்டினார்.

"அதுல ஏறப் போறவங்க இவங்கதான். உள்ளுக்குள்ள கொஞ்சம் பயமா இருந்துச்சாம். இன்னிக்கு நேர்ல பாத்த பிறகுதான் தைரியமே வந்துச்சுன்னு சொல்றாங்க."