படத்துக்குள் வராதவள்

ஆறாவது படத்தை எடுத்தபோது, பின்னால் சட்டை நுனியைப் பிடித்திருந்த கை சற்றுப் பெரிதாக இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

துணி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாக இழுபட்டது, அவ்வளவுதான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சுற்றுப்படம் எடுப்பவர்களின் தலையெழுத்து அது. திடலின் நடுவே ஸ்டாண்டை ஊன்றி, கேமராவை ஆறு முறை திருப்பி, முழு வட்டத்தையும் இருபது நொடிக்குள் பிடித்துவிட வேண்டும். நடுவில் தயங்கினால் கூட்டம் இடம் மாறிவிடும். பிறகு ஆறு படங்களையும் ஒட்டும்போது ஒருவருக்கு மூன்று கால், இன்னொருவருக்குத் தலையே இல்லை என்றாகிவிடும். எடுப்பவரும் படத்தில் விழக்கூடாது. கேமரா திரும்பத் திரும்ப அதன் முதுகுப் பக்கமாகவே நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். பதினோரு வருடமாக எத்தனையோ திறந்தவெளிக் கூட்டங்களை எடுத்திருக்கிறாள். ஒன்றில்கூட அவளுடைய நிழலின் விரல் நுனி விழுந்ததில்லை.

பள்ளி விடுமுறை என்பதால் மகளையும் கூட்டி வந்திருந்தாள். ஆறு வயது. பிடித்தால் விடமாட்டாள் என்று வீட்டில் நண்டு என்று பெயர். உடும்பு என்றே வைத்திருக்கலாம் என்று தம்பி கிண்டல் செய்வான். அம்மா சட்டையைப் பிடித்துக்கொண்டு, அம்மா நகரும் பக்கமே நகர வேண்டும், வாயைத் திறக்கக்கூடாது என்று பழக்கி வைத்திருந்தாள். நண்டு அதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் மத்தளத்தைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். மிதிபட்ட புல்லின் வாசனையும் சோளப்பொரியின் வாசனையும் கலந்து வந்தன. ஏழாவதாக எப்போதும் ஒரு படம் உண்டு. கேமராவைக் கழற்றி, ஸ்டாண்டை நகர்த்திவிட்டு, அது நின்ற தரையை எடுக்க வேண்டும். வட்டத்தின் அடியில் விழும் ஓட்டையை அடைக்க. அதை எடுத்தபோதும் சட்டை இழுபட்டுக்கொண்டுதான் இருந்தது.

“முடிஞ்சுதுடி நண்டு, விடு” என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

பின்னால் யாரும் இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. கண்ணாமூச்சி ஆட இதுவா நேரம் என்று மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு தண்ணீர்க் குழாய், பலூன்காரர், கழிப்பறை. நீல கவுன் போட்ட பிள்ளைகளை எல்லாம் தோளைப் பிடித்துத் திருப்பினாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே திடலைச் சுற்றினாள். ஒலிபெருக்கியில் நண்டின் அடையாளத்தைச் சொன்னார்கள். பாட்டு நின்றது. காவலர்கள் வந்து ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்து, வெளியே போகும் ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் அவளிடம் காட்டி அனுப்பினார்கள். இரண்டு மணி நேரம் வரிசை நகர்ந்தது. கடைசிக் குழந்தையும் போய்விட்டது. திடல் காலியானது.

அதற்குள் தம்பி வந்துவிட்டான். மதில் ஓரமாக ஒரு சுற்று ஓடிவிட்டு, மூச்சு வாங்க அவள் பக்கத்தில் வந்து நின்றான். எல்லாப் பக்கமும் படம் எடுத்திருக்கிறாயே, அதில் பார்க்கலாம் என்று சொன்னவன் அவன்தான்.

திடலின் காவல் அறையில், பிளீச்சிங் பவுடர் நெடிக்கு நடுவே லேப்டாப்பைத் திறந்தாள். மூத்த காவலர் ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

முதல் படத்திலேயே நண்டு இருந்தாள். வெகு தூரத்தில், மரங்களுக்குக் கீழே. இரண்டாவது படம் வேறு திசை. அதிலும் இருந்தாள், இன்னும் கொஞ்சம் கிட்டத்தில். ஆறு படத்திலும் இருந்தாள். ஆறாவதில் முப்பது அடி தூரத்தில், அழுகிற முகத்தோடு. இடது கை மட்டும் பின்னால் நீண்டு விறைத்திருந்தது. அதை யாரோ பிடித்து இழுப்பதுபோலவும், அவள் தன் உடம்பின் பாரத்தையெல்லாம் முன்னால் போட்டுத் திமிறுவதுபோலவும் இருந்தது. பின்னால் யாரும் இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“பொண்ணு கூட்டத்துலதான் ஓடிட்டு இருந்திருக்கும்மா” என்றார் காவலர்.

ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் மூன்று நொடிதான் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். மூன்று நொடியில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு எந்தக் குழந்தையால் ஓட முடியும்? அதோடு, அந்த ஆறு படமும் எடுக்கும்போது சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு கை இருந்ததே. காவலர் அவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, வெளியே தேடுகிறவர்களோடு சேர்ந்துகொள்ளப் போனார்.

ஏழாவது படத்தைத் திறந்தாள். வெறும் தரை. நசுங்கிய புல்லின் மேல் சாய்ந்த வெயிலில், பதினோரு வருடத்தில் முதல் முறையாக, அவளுடைய நிழலின் ஓரம் விழுந்திருந்தது. அதை ஒட்டி இன்னொரு நிழல். நெடியது. குனிந்திருந்தது. அதன் கை, அவள் நிழலின் இடுப்புக்கு நீண்டிருந்தது.

தம்பி மெல்ல லேப்டாப்பை மூடினான். “அக்கா, வா. வெளிய போயிடலாம்.”

அவள் போனாள். ஆனால் கேமராவை எடுத்துக்கொண்டு. மனம் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது: முதல் படத்தில் தூரத்தில் இருந்தாள், ஆறாவதில் கிட்டத்தில் இருந்தாள். நண்டு வந்துகொண்டிருக்கிறாள். இன்னும் எடுத்தால் இன்னும் வருவாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தால் என்ன?

வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. காகிதத் தட்டுகள் காற்றில் உருண்டுகொண்டிருந்த வெற்றுத் திடலில், அதே இடத்தில் ஸ்டாண்டை ஊன்றி ஆறு முறை திருப்பினாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. திரையில் நண்டு தெரிந்தாள். ஆள் இல்லாத புல்வெளியில், இருபது அடி தூரத்தில், கையை விடுவிக்கத் திமிறிக்கொண்டு.

தம்பியும் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் அந்த இடத்துக்கு ஓடி, காற்றைக் கைகளால் துழாவினான். “நண்டு, மாமா வந்திருக்கேன்டா கண்ணு” என்று சொல்லிக்கொண்டே துழாவினான். அவள் மறுபடி எடுத்தாள். படத்தில் அவன் கை நண்டின் தலை வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது சுற்றில் பத்து அடி. நான்காவதிலும் பத்து அடி. ஐந்தாவதில் பதினைந்து.

பின்னால் போகிறாள். சோர்ந்துவிட்டாள்.

அவள் திரையைப் பெரிதாக்கி மகளின் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது. நண்டு கேமராவைப் பார்க்கவே இல்லை. ஒரு படத்தில் இடப்பக்கம், ஒரு படத்தில் வலப்பக்கம், ஒன்றில் வானத்தை. தேடுகிறாள். அம்மாவைத் தேடுகிறாள். அம்மாதான் எந்தப் படத்திலும் இல்லையே. பதினோரு வருடமாகப் பழகிய பழக்கத்தில் லென்ஸுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டிருக்கிறாளே. பெற்ற பிள்ளை கண் முன்னால் கத்துகிறது, அவள் முதுகுப் பக்கமாகவே சுற்றிச் சுற்றி நகர்ந்திருக்கிறாள்.

“நான் உள்ள போறேன்” என்றாள்.

தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். “வேணாம்க்கா. அவளப் பிடிச்சிருக்கிறது என்னன்னே தெரியாது. உன் பின்னாலதான் நின்னிருக்கு, உன் முகத்தை அது இன்னும் பார்க்கல.”

அவள் கையை உதறினாள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, இன்னும் ஐந்து நிமிடம் போனால் படத்தில் இருட்டு மட்டும்தான் விழும். டைமரைப் பத்து நொடிக்கு வைத்தாள். ஓடினாள். நண்டு நின்ற இடத்தை அடியால் அளந்து, புல்லில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் விரித்தாள்.

“நண்டு, அம்மா இங்க இருக்கேன். இங்க பாரு. வா.”

கேமராவின் சிவப்பு விளக்கு மினுக்கியது. காற்று நின்றது. உருண்டுகொண்டிருந்த தட்டுகள் நின்றன. விரித்த கைகளுக்குள் எதுவும் வரவில்லை. சூடு இல்லை. பாரம் இல்லை.

கிளிக்.

எழுந்து ஓடி வந்து பார்த்தாள். படத்தில் அவள் மண்டியிட்டிருந்தாள், போட்டிருந்த அதே மஞ்சள் சட்டையில். அவள் கைகளுக்குள் நண்டு இருந்தாள். கழுத்தில் முகம் புதைத்து, இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு. இடது கையை யாரும் பிடித்திருக்கவில்லை.

கிடைத்துவிட்டாள். அவளுக்கு அழுகை பீறிட்டு வந்தது. இன்னும் ஒரு படம், ஒரே ஒரு படம், வெளியே வந்துவிடுவாள். அதே திசையில் மறுபடி அழுத்தினாள்.

அந்தப் படத்திலும் அவள் இருந்தாள்.

கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டே திரையைப் பார்த்தாள். மஞ்சள் சட்டை போட்டவள் மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்துகொண்டிருந்தாள். அவளுடைய தலைமுடி. அவளுடைய தோள். நண்டை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள்.

“அது நானில்ல” என்றாள்.

அழுத்தினாள். இருபது அடி. முதுகு காட்டி நடந்துகொண்டிருந்தார்கள்.

“நண்டு, அது அம்மா இல்லடி. இறங்குடி.”

அழுத்தினாள். ஐம்பது அடி.

தம்பி கத்திக்கொண்டே ஓடினான். எங்கே ஓடுவது என்று தெரியாமல் திடலின் நடுவில் நின்றான்.

திருப்பினாள். அழுத்தினாள். நூறு அடி. நண்டு கையைக் காலை உதைக்கவில்லை. அழவில்லை. எதற்கு அழ வேண்டும்?

கடைசி வெளிச்சம். அழுத்தினாள்.

மரங்களுக்குக் கீழே, இருட்டு தொடங்கும் இடத்தில், நண்டு அம்மாவின் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிப் போயிருந்தாள். தூக்கிக்கொண்டு போனவள் மட்டும் அவளுடைய முகத்தோடு திரும்பி, லென்ஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.