உப்புக்குள் சாகாதவை

செத்துவிட்டதென்று அஸீபா கொப்பியில் எழுதிவைத்திருந்த போத்தல், வெள்ளிக்கிழமை பின்னேரம் இளஞ்சிவப்பாக இருந்தது.

மன்னார் உப்பளத்திலிருந்து அவள் எடுத்துவந்த ஆர்க்கியாக்கள் அவை. பற்றீரியா போலத் தெரிந்தாலும் வேறு இனம். கொதிக்கும் வெயிலில் இறுகும் உப்புநீரில் வளர்ந்து, அதை இளஞ்சிவப்பாக்குகிறவை. புறஊதாக் கதிர் பாய்ச்சி அவற்றின் டி.என்.ஏயை அவளே சுக்குநூறாக்கி, பதினொரு கிழமை காயவும் விட்டு, பிறகு உப்புநீர் ஊற்றிவைத்திருந்தாள். ஆனால் ஒரு கலத்துக்குள் அந்த டி.என்.ஏயின் இருபது பிரதிகள் இருக்கும். ஒன்று உடைந்தால் மற்றதைப் பார்த்துப் பொருத்திக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் பக்கத்துக் கலத்தோடு பாலம் போட்டு, இரண்டும் ஒன்றாகி, துண்டுகளை மாற்றிக்கொள்ளும். கீரிக் கிராமத்தில் அவள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் பின்னறைக்குள் கடற்காற்று கருவாட்டு வாடையைக் கொண்டுவந்து கொட்ட, தகரக்கூரை வெயிலில் முறுகி முறுகிச் சத்தம் போட, அவள் அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூடியைத் திறக்கும்போது உடைந்த விளிம்பில் விரல் கிழிந்தது. ஒரு சொட்டு இரத்தம் உள்ளே விழுந்தது. அதை வெளியே ஊற்றிவிட்டிருக்கலாம். மூன்று வருட வேலை, மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காயத்தைக் காணவில்லை. தழும்புகூட இல்லை. அறைக்கும் குசினிக்குமாக நடந்தாள், கையைக் கழுவினாள், திரும்பவும் கழுவினாள். பிறகு, மன்னார் டவுனில் அவளோடு இதே ஆய்வைச் செய்யும் சிவராணிக்கு போன் எடுத்தாள்.

"அக்கா, என்ர ரத்தம் விழுந்த போத்தல் தெளிஞ்சிட்டுது."

"தெளிஞ்சா எல்லாம் செத்துப்போச்சுதெண்டுதானே?"

"அப்ப என்ர நகத்துக்கடியில சிவப்பா இருக்கிறது என்ன?"

"ஒண்டையும் தொடாதையும். வாறன்."

அஸீபா தண்ணீர் குடித்தாள். குமட்டியது. உப்பை உள்ளங்கையில் கொட்டி நக்கினாள். இதமாக இருந்தது. அதுதான் அவளைப் பயப்படுத்தியது. கதிரையில் இருந்தாள், எழும்பினாள். ஒன்றோடொன்று பட்டிருந்த இரண்டு விரல்கள் பிரிய மறுத்தன. இழுத்தாள். மெல்லப் பிரிந்தன.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

"உள்ள வராதேங்கோ அக்கா!"

சிவராணி வந்துவிட்டாள். பதறிப்போய் எட்டி அவள் கையைப் பிடித்தாள்.

"கையுறை போடேல்லையா அக்கா?"

"அவசரத்தில..." சிவராணி கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. இழுத்தாள். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே இளஞ்சிவப்பாய்த் தோல் நீண்டது. நோகவில்லை. இருவருக்கும் நோகவில்லை.

"அஸீபா... இங்க பாரும்."

பிறந்ததிலிருந்து அஸீபாவின் மணிக்கட்டில் இருந்த கறுத்த மச்சம் வெளிறிக்கொண்டிருந்தது. சிவராணியின் மணிக்கட்டில் ஒரு புள்ளி எழும்பியது. கறுத்தது. அகன்றது. அதே வடிவத்தில் வந்து நின்றது.