பன்னிரண்டில் ஒரு பங்கு

"அய்யோ... பொணம்... பொணம்!"

பிளம்பரின் அலறல் மொட்டை மாடியில் கிளம்பி, படிக்கட்டில் உருண்டு, இரண்டாவது மாடியில் மதியத் தூக்கத்தில் இருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளரை உலுக்கியது.

மணி நாலு பத்து.

எழுந்தவரின் கண்கள் நேராகச் சுவர் ஆணிக்குப் போயின.

ஆணி காலி!

"மாடிச் சாவி எங்கடி?"

"டேங்க் பாக்கணும்னு பிளம்பர் வந்தாரு, குடுத்தேன்." மனைவி அவரை உற்றுப் பார்த்தாள். "ஏங்க... உங்க முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

அவருக்கு ஏறிப் பார்க்காமலே தெரியும், அது யார் என்று.

இஞ்ச் டேப்!

மூன்றாவது மாடி ரிட்டயர்டு சர்வேயர். பன்னிரண்டு வீடுகள் உள்ள அந்த அடுக்குமாடியில் யார் யார் பொது இடத்தை எத்தனை அங்குலம் வளைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அளந்து திரிவதால் வந்த பட்டப்பெயர். ஒரு மாதமாக அவருடைய டேப், மாடியில் செயலாளர் போட்ட தகர ஷெட்டையே சுற்றிச் சுற்றி வந்தது.

போன வாரக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார்.

"இந்த மாடியில பன்னெண்டுல ஒரு பங்கு எனக்கு. அப்போ உங்க ஷெட்லயும் பன்னெண்டுல ஒரு பங்கு என்னுது. உள்ள ஒரு ஆணி அடிங்க சார், என் சட்டையை மாட்டணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை.

இன்று பன்னிரண்டரைக்கு மாடிப்படி ஏறினார். கதவுக்கு இந்தப் பக்கம் இஞ்ச் டேப்பின் ரப்பர் செருப்பு. பகலில் எப்போதும் போல் தாழ்ப்பாளில் வாய் திறந்து தொங்கிய பூட்டு. சாவி வேண்டாம்... அமுக்கினால் பூட்டிக்கொள்ளும்.

கொஞ்ச நேரம் காயட்டும்!

அமுக்கினார்.

க்ளிக்!

இறங்கி வந்து சாப்பிட்டார். ஒரு மணிக்கு மேலிருந்து சத்தம் வந்தது.

தட்... தட்... தட்...

இன்னும் பத்து நிமிஷம் போகட்டும் என்று படுத்தார்.

தூங்கிப் போனார்.

இப்போது முதலில் ஆம்புலன்ஸை அழைத்தார். அடுத்து போலீஸை.

*

ஐந்தரை மணி. ஷெட்டுக்குப் பின்னால் கிடந்த உடலை டாக்டர் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்துவிட்டார். வீட்டுக்காரர்கள் எல்லாம் மாடியில். நடுவில் பெண் இன்ஸ்பெக்டர். கையில் இறந்தவரின் நோட்டும் டேப்பும்.

"மதியம் சத்தம் கேட்டுதா?"

"ஒரு மணியிலேர்ந்து மூணு மணி வரைக்கும் கேட்டுச்சு மேடம். யாரோ கதவைத் தட்டற மாதிரி..." என்றார் முதல் மாடி பேங்க் மேனேஜர்.

"போய்ப் பாத்தீங்களா?"

"பொது இடமாச்சே மேடம்... செயலாளர் பாத்துக்குவாருன்னு..."

"நான் குரூப்ல போட்டேனே!" டியூஷன் டீச்சர் அவசரமாக போனை நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தாள்.

"'மாடியில் யாரோ தட்டுகிறார்கள். டியூஷன் எடுக்க முடியவில்லை.' அடேங்கப்பா! ஒன்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கீங்க. கீழே செயலாளர் பதில்... 'மதியம் ஓய்வு நேரம். சத்தத்தைத் தவிர்க்கவும்.'"

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"பூட்டினது யாரு சார்?"

"தெ... தெரியலை மேடம்." செயலாளர் கதவுப் பக்கம் கை காட்டினார். "யார் வேணா அமுக்கியிருக்கலாம். பொதுப் பூட்டு..."

பின்னாலிருந்து மனைவியின் குரல், அவருக்கு மட்டும்.

"ஏறிப் போனீங்களே... அந்தச் செருப்பைப் பாத்தீங்களா?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"பாத்திருக்கீங்க."

அவள் ஓர் அடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

அப்போதுதான் படியேறி வந்தாள் இஞ்ச் டேப்பின் மகள். ஆபீஸிலிருந்து ஓடி வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. கையில் அந்த ரப்பர் செருப்பு.

நேராகச் செயலாளரிடம் வந்தாள்.

"ரொம்ப தேங்க்ஸ் அங்கிள். நீங்கதான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னீங்களாம். அப்பா உங்களை ரொம்பப் படுத்திட்டாரு... மனசுல வெச்சுக்காதீங்க."

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பார். இது முடியவில்லை. காது மடல்கள் எரிந்தன. தரையைப் பார்த்தார். தரையில் சாக்பீஸ் கோடு. இஞ்ச் டேப் போட்டது. பொது இடம் எது, ஷெட் எது என்று பிரிக்கும் கோடு.

"மேடம்... நான்தான் பூட்டினேன்."

"என்னது?"

"செருப்பைப் பாத்துட்டுத்தான் பூட்டினேன். அவர் தட்டினது கேட்டுச்சு. கேட்டும்... படுத்துட்டேன். நான்தாம்மா உங்கப்பாவைக் கொன்னேன்!"

காற்று ஒரு சுற்றுச் சுற்றியது.

தட்... தட்... தட்!

பேங்க் மேனேஜர் துள்ளி நகர்ந்தார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். உடல் போய் முக்கால் மணி நேரம் ஆகிறது...

தட்... தட்... தட்!

இன்ஸ்பெக்டர் மட்டும் அசராமல் நடந்தாள். ஷெட்டின் தகரக் கதவு கொக்கி உடைந்து ஆடிக்கொண்டிருந்தது. ஒற்றை விரலால் பிடித்தாள்.

சத்தம் நின்றது!

"சர்வேயர் ஒவ்வொரு அளவுக்கும் நேரம் குறிச்சு வெச்சிருக்காரு." நோட்டைப் பிரித்தாள். "கடைசி வரி கேளுங்க. 'பதினொன்று ஐம்பது. செயலாளர் ஷெட், கிழக்குப் பக்கம், ஒன்பது அடி...' அதோட பேனா கோணலா இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. டாக்டரும் அதான் சொன்னாரு. மாரடைப்பு. பன்னெண்டு மணிக்கு முன்னாடியே ஆள் முடிஞ்சாச்சு."

"அப்போ... மதியம் தட்டினது?"

"உங்க ஷெட்!"

"நான்... கொல்லலையா?"

"இல்லை. பொணத்தை வெச்சுத்தான் பூட்டினீங்க."

செயலாளரின் நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. வந்த அடுத்த நொடி, அது வந்ததற்காகவே கூனிக் குறுகினார். தட்டியது தகரம். ஆனால் மனுஷன் தட்டுவதாக நினைத்துக்கொண்டுதானே படுத்தார்? டீச்சரும் அப்படித்தான் நினைத்தாள். கட்டைவிரல் தூக்கிய ஒன்பது பேரும்தான்.

மகள் தேங்க்ஸ் சொன்ன வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, செருப்போடு இறங்கிப் போனாள்.

"என்னை அரெஸ்ட் பண்ணிடுங்க மேடம்." அவர் நிஜமாகவே கெஞ்சினார்.

"நீங்க செஞ்சதுக்கு என்கிட்ட செக்‌ஷன் இல்லையே சார்!" இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டாள். "இந்த ஷெட்டுக்குத்தான் இருக்கு. ஒரு வாரத்துல இடிச்சிடுங்க. தகரத்தைப் பன்னெண்டாப் பிரிச்சு, அவர் பங்கை மறக்காம அவர் வீட்ல சேர்த்துடணும். அளக்கறதுக்கு அவர் டேப் வேணும்னா... ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்கங்க!"