நீலக் கம்பியின் மறுமுனை

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, தூறலில் நனைந்த தொப்பியோடு மவுங்கா வந்து கதவைத் தட்டினார். ஒரு கையில் ரொட்டி. சட்டைப் பையில் திருப்புளி.

“உம் புருஷன் செத்தும் என்னை வேலை வாங்குறான் பாரு தங்கச்சி. சோம்பேறிப் பய. சுவருக்கு அந்தப் பக்கம் ஹாயா படுத்துக் கிடக்கான்.”

முச்சநேத்தா சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அப்படிப் பேசும் உரிமை மவுங்கா ஒருவருக்குத்தான் இருந்தது. இரண்டு குடும்பங்களுக்கும் தாத்தன் காலத்து நட்பு. இழவு வீட்டிலும் அவர் கேலி பேசலாம். அடக்கத்தன்று செத்தவனின் கோட்டை மாட்டிக்கொண்டு அவனைப்போலவே இருமிக் காட்டி எல்லோரையும் சிரிக்கவும் அழவும் வைத்தார். க்வேரு ஊரில் இன்றும் அந்த வழக்கம் உண்டு.

அது நடந்து பதினோரு மாதம் ஆயிற்று. அன்றிலிருந்து பின்னறை பூட்டியே கிடக்கிறது. ஆவியை வீட்டுக்கு அழைக்கும் சடங்கு நாளைதான். அது முடிந்த பிறகே செத்தவருடைய பொருள்களைப் பங்கிடுவார்கள். அதுவரை பெண்டாட்டியே ஆனாலும் எதையும் தொடக் கூடாது, அந்த அறையிலிருந்து ஒரு துரும்பும் வெளியே வரக் கூடாது. சடங்குக்காகக் கொல்லையில் கேழ்வரகுக் கள் ஏழு நாளாகப் புளித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனைதான் இப்போது வீட்டுக்கு வாசனை.

நாளை கணவருடைய கணினி புலவாயோவில் இருக்கும் அண்ணன் மகனுக்குப் போய்விடும். அதற்குள்ளேதான் அவருடைய குரல் இருந்தது. தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடியவர். வீட்டில் பாடிப் பழகும்போது தானே பதிவு செய்துகொள்வார். அவள் கைப்பேசி பேருந்தில் திருட்டுப் போனபின், அவர் குரலில் ஒரு சொல்கூட அவளிடம் மிச்சமில்லை. இப்போதெல்லாம் நினைத்துப் பார்த்தால் முகம் வருகிறது. குரல் வரவில்லை.

“பொருளத்தானே தொடக் கூடாது? நீ தொடாத. என்னை அந்தத் தடை கட்டாது. கம்பி தொடட்டும்,” என்றார் மவுங்கா. “பாட்டு அங்கேயும் இருக்கும், இங்கேயும் இருக்கும். ஒண்ணும் வெளிய வரல. எந்தக் கிழவன் வந்து கேப்பான்?”

முன்னறையில் அவள் உட்கார்ந்து பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாள் அடிப்பாள். பின்னறையில் அவர். நடுச்சுவரில் துளை போட்டு, இரண்டு கணினிகளையும் ஒரு நீலக் கம்பியால் அவரே இணைத்து வைத்திருந்தார். பொதுவாக ஒரு கோப்புறை, பெயர் ‘நடுவறை’. நாலு மணி ஆனால் அதில் ஒரு சீட்டு வந்து விழும்: ‘தேநீர்?’ எழுந்து வந்து கேட்டால் என்ன என்று அவள் திட்டுவாள். திட்டிக்கொண்டே போடுவாள். மூன்று கரண்டிச் சர்க்கரை. அவர் அதைக் கலக்கவே மாட்டார். கோப்பையின் அடியில் அது அப்படியே படிந்து கிடக்கும்.

மவுங்கா பூட்டைத் திறந்து உள்ளே போனார். பதினோரு மாதத்துப் புழுக்கமும், பழைய புகையிலை வாசனையும் வெளியே வந்தன. விசை தட்டும் ஓசை. பிறகு கணினியின் விசிறி முனகியது.

கம்பியைச் செருகியதும், அவளுடைய மடிக்கணினியின் ஓரத்தில் பச்சை விளக்கு துடித்தது. ஆனால் பட்டியலில் ஒன்றும் வரவில்லை. இந்த மடிக்கணினி அவர் போன பிறகு வாங்கியது. அதற்கு அவரைத் தெரியாது.

மவுங்கா வந்து எட்டிப் பார்த்தார். “அதோட பேரை நீயே அடிக்கணும். பேரச் சொன்னாத்தான் தேடும்.”

முச்சநேத்தாவின் விரல்கள் நின்றன.

அந்தக் கணினிக்கு அவர் வைத்திருந்தது தன் பெயரைத்தான். இருபத்தாறு வருஷத்தில் ஒருநாளும் அவள் அதைச் சொன்னதில்லை. குலப் பெயரைச் சொல்லி, ‘ஷும்பா’ என்றுதான் கூப்பிடுவாள்.

“நீங்க அடிங்கண்ணா.”

“என் கையெல்லாம் ரொட்டிப் பிசுக்கு. சொல்லவா சொன்னேன்? அடிக்கத்தானே சொன்னேன். அடி.”

அடித்தாள். ஒவ்வொரு எழுத்தாக. க்வின்யாய்.

‘நடுவறை’ திறந்தது.

பழைய சீட்டுகள் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் பாட்டுகள், நாற்பத்தொன்று. எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துவிட்டாள். பச்சைப் பட்டை மெதுவாக நகர ஆரம்பித்தது. மவுங்கா சமையலறைக்குப் போய்விட்டார்.

மழை தகரத்தில் சடசடத்தது. சரியாக நாலு மணிக்குப் புதிதாக ஒன்று விழுந்தது.

‘தேநீர்?’

இன்றைய தேதி.

“அண்ணா! இந்த விளையாட்டு மட்டும் வேணாம், ஆமா. சொல்லிட்டேன்!”

“என்ன விளையாட்டு?” வாய் நிறைய ரொட்டியோடு சமையலறையிலிருந்து குரல் வந்தது. “நான் வேர்க்கடலை வெண்ணெய் தேடிட்டிருக்கேன். எங்க ஒளிச்சு வச்சிருக்க?”

அப்போது மின்சாரம் போயிற்று.

பின்னறை விசிறியின் முனகல் அடங்கியது. அங்கே இப்போது ஒன்றுமே ஓடவில்லை. அவளுடைய மடிக்கணினி மட்டும் மின்கலத்தில் விழித்திருந்தது.

பச்சைப் பட்டை நகர்ந்துகொண்டே இருந்தது.

முப்பத்திரண்டு. முப்பத்து மூன்று.

அவள் அசையவில்லை.

நாற்பத்தொன்று.

இன்னொரு சீட்டு விழுந்தது.

‘கூப்பிட்டாயே.’

மவுங்கா கோப்பையோடு வந்து திரையைப் பார்த்தார். இருண்ட பின்னறையைப் பார்த்தார். அவர் கேலி எதுவும் பேசாமல் இருந்ததை அவள் அன்றுதான் முதல்முறை கண்டாள். கம்பியைப் பிடுங்கினார், அறையைப் பூட்டினார், நனைந்த தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடியலில் எல்லோரும் கல்லறைக்குப் போனார்கள். கள் ஊற்றி, பெயர் சொல்லி, “எழுந்து வா, உன் வீட்டுக்கு வா” என்று அழைத்தார்கள். பிறகு முற்றத்தில் கறுப்பு ஆட்டுக் கிடாயை நிறுத்தி, அதன் முதுகில் கள்ளை ஊற்றினாள் அவருடைய தங்கை எஸ்னாத். கிடாய் உடம்பைச் சிலுப்பினால் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

கிடாய் சிலுப்பவில்லை.

இரண்டாம் முறை ஊற்றினார்கள். மூன்றாம் முறையும். கிடாய் கல்லைப்போல நின்றது. முகத்தை மட்டும் பின்னறைச் சன்னலின் பக்கம் திருப்பி வைத்திருந்தது.

“அண்ணி, உண்மையச் சொல்லு,” எஸ்னாத் அவள் காதோடு கேட்டாள். “அண்ணன் ஏன் வரமாட்டேங்கிறான்? கோவமா?”

முச்சநேத்தா மவுங்காவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

“வராதவனத்தான் கூப்பிடணும்,” என்றார் மெதுவாக.

எஸ்னாத்துக்கு அது புரியவில்லை. கிழவர்கள் தங்களுக்குள் முணுமுணுத்துவிட்டு, மழைக்காலம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். புலவாயோவிலிருந்து வண்டி வந்து காத்திருந்ததால், வழக்கத்தை மீறிப் பங்கீட்டை மட்டும் முடித்தார்கள். கோட்டு போயிற்று. நாற்காலி போயிற்று. கணினியும் மேசையும் போயின. பின்னறையில் வெறும் சிமெண்டுத் தரையும், சுவர்த் துளையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நீலக் கம்பியின் நுனியும் மிஞ்சின.

எல்லோரும் போனபின் வீடு எவ்வளவு பெரியதாகிவிடும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். முச்சநேத்தா முன்னறையில் உட்கார்ந்து முதல் பாட்டைத் திறந்தாள்.

அவர் பாடினார்.

அந்த அடிக்குரல்தான். அவள் மறந்துபோயிருந்த அதே கரகரப்பு. மேசையில் தலை சாய்த்து அழுதாள். போதும் என்றாகி, பாட்டை நிறுத்தி, மடிக்கணினியை மூடினாள்.

பாட்டு நிற்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது.

மூன்றாவது அடியில் நின்றது. எப்போதும் அங்கேதான் அவருக்குத் தொண்டை வறளும். ஒரு சின்ன இருமல். பிறகு ஓசையில்லை, யாரோ காத்திருப்பதுபோல.

சுவர்க் கடிகாரம் நாலு காட்டியது.

அவள் ஓடவில்லை. எங்கே ஓடுவாள், யாரிடம்? கெண்டியை அடுப்பில் வைத்தாள். பால் விட்டு, மூன்று கரண்டிச் சர்க்கரை போட்டு, கரண்டி கோப்பையில் கணகணவென்று மோத, ஒரு துகளும் மிஞ்சாமல் கலக்கினாள். பின்னறைத் தரையில், நீலக் கம்பியின் நுனிக்குப் பக்கத்தில் கோப்பையை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அரைமணி கழித்துத் திறந்தபோது கோப்பை காலியாக இருந்தது.

அடியில், கலக்காத சர்க்கரை வெள்ளையாகப் படிந்து கிடந்தது.