மூன்று தாழ்ப்பாள்

சலவை இயந்திரம் பாதியில் நின்றுபோனதற்குப் புகார் சொல்லத்தான் அவள் அந்தக் கம்பெனி எண்ணை அழைத்தாள். பதினோரு வருடம் அதே எண்ணில் அடுத்தவர் புகாரைக் கேட்டுக்கொண்டிருந்தவள். வேலை போய் மூன்று வாரம் ஆகிறது. மணி இரண்டு தடவை அடித்தது. மறுமுனையில் யாரோ மெல்ல மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"சொல்லுங்க, நான் இருக்கேன்."

அவளுடைய குரல்.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்தாள். ஊறிய துணியின் புளித்த வாடையும், குழாய்ச் சொட்டு வாளியில் விழும் சத்தமும், உள்ளங்கைக்குள்ளிருந்து தன் குரலே பொறுமையாக "கேக்குதா?" என்று கேட்பதுமாக அந்தச் சின்னக் குளியலறை திடீரென்று நிறைந்துபோனது.

எப்படி வந்ததென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆறு வாரம் கண்ணாடி அறையில் மைக் முன்னால் உட்கார்ந்து, கொடுத்த வாக்கியங்களையெல்லாம் வாசித்தவள் அவள்தானே. "புதுசா வர்ற பிள்ளைங்களுக்குப் பாடம்க்கா. உங்களை மாதிரி பொறுமையாப் பேச யாரு இருக்கா?" என்றான் மேனேஜர். தன்னைவிடப் பத்து வயது சின்னவன் என்று அவள் தம்பி என்றே கூப்பிடுவாள். உச்சி குளிர்ந்துபோய் வாசித்தாள். புதுப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. என்றுமில்லாத லாபம் வந்த வருடம் அது. அந்த வருடம் பார்த்து நாற்பது பேரை வெளியே அனுப்பி, அதற்கு முன்னேற்றம் என்று பெயரும் வைத்தார்கள். அவர்களுக்கென்ன, வாய் கூசவா போகிறது?

ஆனால் "நான் இருக்கேன்" அந்த வாக்கியங்களில் கிடையாது. அதை அவள் இந்த உலகத்தில் ஒருத்தியிடம்தான் சொல்வாள்.

அம்மாவுக்குக் கண் பார்வை போய் நான்கு வருடம். மூன்று நிறுத்தம் தள்ளித் தனியாக இருக்கிறாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு இவள் அழைத்து, கதவின் மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள், கடைசியாக ஜன்னல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் போடவைத்து, "பயப்படாதே, நான் இருக்கேன்" என்று முடிப்பாள். அலுவலக நாட்களில் தேநீர் இடைவேளையில் பேசுவாள். "உங்க காசுல எதுக்குக்கா? ஆபீஸ் லைன்லயே பேசுங்க" என்று சொன்னவனும் அதே தம்பிதான். அன்றைக்கு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த லைனில் பேசுவதெல்லாம் பதிவாகும் என்று அப்போது தோன்றவில்லை.

மணி ஆறு. அம்மாவை அழைத்தாள். லைன் பிஸி.

நாலு நாளாகவே ஆறு மணிக்கு பிஸிதான். பிறகு பேசினால், "இப்பத்தானேடி பேசினே" என்பாள் அம்மா. வயதானால் மறதி வரும் என்று இவளும் சிரித்துவிட்டு வைத்துவிடுவாள்.

ஈரக் கையோடு பேருந்து ஏறினாள்.

அம்மாவின் வீட்டில் விளக்கில்லை; அவளுக்கு எதற்கு விளக்கு? கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பக்கத்து ஜன்னல் மட்டும் காற்றுக்காகத் திறந்திருந்தது. இருட்டுக்குள் நாற்காலியும், அம்மாவின் வெள்ளைத் தலையும், மடியில் மினுங்கும் போனும் தெரிந்தன. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். வெகுநாளாக இவளிடம் அப்படிச் சிரித்ததில்லை.

"அம்மா, நான்தான். கதவைத் திற."

சிரிப்பு நின்றது.

"சொன்னேன்ல அம்மா" என்றது மடியிலிருந்த குரல். "ஒருத்தி வருவான்னு."

"ஆமாடி" என்றாள் அம்மா, போனிடம், மெதுவாக. "அச்சு அசல் உன் குரல்."

"அம்மா! அது மிஷின்மா. கம்பெனிக்காரங்க என் குரலை எடுத்து... நான்மா, உன் பொண்ணு. என் கையைத் தொட்டுப் பாரேன்."

ஜன்னல் கம்பிக்குள் கையை நீட்டினாள். கட்டைவிரலில் சின்ன வயதில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு உண்டு. கண் போன பிறகு அம்மா முதலில் தேடுவது அதைத்தான்.

அம்மா எழுந்தாள். சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். ஒரு கையில் போன். மற்றக் கை இருட்டில் துழாவியது. பக்கத்தில். இன்னும் பக்கத்தில். அம்மாவின் மூச்சு இவள் விரல்களில் பட்டது.

"தொடாதேம்மா."

போனிலிருந்த குரல் உடைந்தது. அழுதது.

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு யாரும்மா இருக்கா?"

அந்த அழுகை அவளுக்குத் தெரியும். அம்மாவுக்குப் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்ன அன்று அவள் அழுத அழுகை. அலுவலக நாற்காலியில். மியூட் பட்டனை அழுத்திவிட்டு. சிவப்பு விளக்கு எரிகிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு. ஒருவருக்கும் கேட்காது என்று நம்பி.

அம்மாவின் விரல்கள் அப்படியே நின்றன.

பின்வாங்கின.

"கையை எடு" என்றாள் அம்மா. இவளிடம்.

எடுத்தாள்.

ஜன்னல் சாத்தப்பட்டது. உள்ளே குரல் பொறுமையாகக் கேட்டது.

"மேல் தாழ்ப்பாள்?"

"போட்டாச்சு."

"கீழ்?"

"போட்டாச்சுடி."

"ஜன்னல்?"

இரும்பு தேய்ந்தது. விழுந்தது.

"பயப்படாதே. நான் இருக்கேன்."

"நீ இருக்கியே, அது போதும்டி எனக்கு."

வெளியே அவள் மூச்சை இழுத்தாள், கத்துவதற்கு.

"இப்ப அழுவா பாரு" என்றது உள்ளே அவள் குரல். "என்னை மாதிரியே அழுவா. திறந்துடாதே."

அவள் அழ ஆரம்பித்திருந்தாள்.