சோப்புப் பெட்டியின் பச்சை விளக்கு

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணைக்கரையை ஒட்டிப் போய், மலை ஏறத் தொடங்கும்போது மணி பன்னிரண்டரை. லாரன்ஸ் பைக்கை எங்கும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பிவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும்.

பூமாலை இறந்து முப்பத்தேழு நாள் ஆகியிருந்தது. இருவரும் பதினான்கு வருஷமாக ஒரே கம்பெனி, ஒரே குழு. எங்கோ இருக்கும் சர்வர்கள் படுத்துவிட்டால் எழுப்பிவிடுவது வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றானதும் லாரன்ஸ் கள்ளக்குறிச்சியில் தங்கிவிட்டான். பூமாலை வெள்ளிமலைக்கு அப்பால், ஒரு கடுக்காய் வியாபாரி அந்தக் காலத்தில் கட்டிய ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தான். கூரையில் தட்டு வைத்து இணையம் இழுத்துக்கொண்டான். வாரநாளில் வேலை, வேலை முடிந்தால் மைக்கைத் தூக்கிக்கொண்டு குக்குறுவான், செம்போத்து என்று பறவைக் குரல்களைப் பதிவு செய்யப் போய்விடுவான். சனி ஞாயிறு நைனார்பாளையத்தில் மனைவி ராதிகாவிடம்.

அந்த ராதிகாதான் கேட்டிருந்தாள்.

"ண்ணா, அவரோட நோட்டு மட்டும் எடுத்தாந்து குடுத்துடுங்க. மத்ததெல்லாம் எனக்கு இன்னாத்துக்கு?"

சாவி காசியம்மாளிடம் இருந்தது. வீட்டுக்குக் கீழே மரவள்ளிக் கொல்லையில் குடிசை போட்டிருக்கும் கிழவி. பூமாலையின் உடலை முதலில் பார்த்தவளும் அவள்தான், வெளியூர் போய்த் திரும்பி, இறந்து இரண்டு நாள் கழித்து.

"நீதான் கள்ளக்குறிச்சி சாரா?"

"ஆமாங்க."

"உன்னப் பத்தித்தான் சொல்லிக்கினே இருப்பாரு. எனக்கு ஒண்ணுன்னா லாரன்ஸ் வந்துருவான் காசின்னு. அவரு இன்னா ஏரோப்ளேன்லயா வருவாருன்னு நான்கூட கிண்டல் பண்ணுவேன்."

லாரன்ஸ் சாவிக்குக் கை நீட்டினான். அவள் உடனே தரவில்லை.

"நான் உள்ள வரல சார். எடுக்கறத எடுத்துக்கினு மூணு மணிக்குள்ள எறங்கிடு."

"பனி எறங்கிடுமா?"

"பனியும்தான்." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அந்த டப்பாவுல வெளக்கு எரியுது. கரண்டுக்காரன் ஒயர புடுங்கி இருவது நாளாவுது."

"உள்ள பேட்டரி இருக்கும்."

"இருக்கட்டும்." நம்பாத குரல். பிறகு, கேட்காமலே சொன்னாள். "மூஞ்சில நோவே தெரியல சார் அவருக்கு. செவுத்துல சாஞ்சி, அந்த வெளக்கப் பாத்துக்கினு ஒக்காந்திருந்தாரு. யாரோ வந்துக்கினு இருக்காங்கன்னு ஒக்காந்திருப்பாங்களே, அப்பிடி."

அந்த டப்பாவை லாரன்ஸுக்கு நன்றாகத் தெரியும். பழைய சோப்புப் பெட்டி ஒன்றில் பூமாலை தன் கையால் செய்தது. மேலே ஒரு பட்டன், ஒரு சின்ன விளக்கு. மலையில் செல்போன் எடுக்காது. தனியாக இருப்பவன், பாறையில் ஏறுகிறவன், ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்வது? பட்டனை அழுத்தினால் விளக்கு சிவப்பாகும். இணையம் வழியே கள்ளக்குறிச்சியில் லாரன்ஸின் போன் அலறும். லாரன்ஸ் போனில் 'பார்த்துவிட்டேன்' என்பதைத் தொட்டால் இங்கே விளக்கு பச்சையாகும். அவ்வளவுதான்.

ஆனால் மலைக் கரண்டு ஏறி இறங்கும்போதெல்லாம் பெட்டி தானாகவே சிவப்பாகித் தொலைத்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. மீட்டிங் நடுவில், குளியல் நடுவில். ஒவ்வொரு தடவையும் லாரன்ஸ் பதறி அடித்துக் கேட்பான். 'ஒண்ணுமில்லடா, வோல்டேஜ்' என்று பூமாலை சிரிப்பான். பெரிய வேலை ஒன்று வந்த வாரத்தில் லாரன்ஸ் ஆறு வரி நிரல் எழுதினான். பெட்டி சிவப்பானால் அவனைக் கேட்காமலே 'பார்த்துவிட்டேன்' என்று அது பதில் சொல்லிவிடும். அலறலும் வராது. வெற்று அலாரம் தொல்லை செய்தால் அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்தான்.

மறந்துவிட்டான்.

நிரல் எழுதிய பதினோராம் நாள் பூமாலை கூரைத் தட்டைச் சரிசெய்துவிட்டு இறங்கும்போது ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான்.

செய்தி வந்ததும் லாரன்ஸ் முதலில் செய்த காரியம், அந்த ஆறு வரிகளை அழித்தது. இரண்டாவது, ராதிகாவிடம் சொன்னது. "லைன் இல்லம்மா. எனக்கு ஒண்ணுமே வரல."

கதவைத் திறந்தபோது அடைத்த காற்றும் எலிப் புழுக்கையும் ஈர ஓட்டின் வாடையும் முகத்தில் அடித்தன. அவற்றுக்கு அடியில் பினாயில். யாரோ தரையை நிறையத் தேய்த்திருக்கிறார்கள். பின்கட்டுக் கதவிலிருந்து முன்னறைச் சுவர்வரை ஒரு பட்டை மட்டும் மற்ற இடங்களைவிட வெளுத்துக் கிடந்தது.

ஒரு ஆள் அகலத்துக்கு.

பட்டை முடியும் இடத்தில் சோப்புப் பெட்டி. விளக்கு எரியவில்லை. லாரன்ஸ் குந்தி உட்கார்ந்து மூடியைக் கழற்றினான். பேட்டரி உப்பி, வெடித்து, உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. இதில் விளக்கு எரிய வழியே இல்லை. 'கிழவிக்குக் கண் சரியில்லை' என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். தன் குரல் அந்த வீட்டில் அவனுக்கே பிடிக்கவில்லை.

நோட்டு அதே சுவரில், தரையில் உட்கார்ந்தால் கைக்கெட்டும் மாடக்குழியில் இருந்தது. நீள நோட்டு. பூமாலை எதையும் நாலு வரியில்தான் எழுதுவான்: அறிகுறி, செய்தது, காரணம், தீர்வு. சர்வரோ பிரிண்டரோ, அதே நாலு. கடைசிப் பக்கங்களில் பறவைகளுக்கும் அதே. வீட்டு விஷயத்துக்கும்.

'அறிகுறி: ராதிகா இரண்டு நாளாகப் பேசவில்லை. செய்தது: மன்னிப்பு, மூன்று முறை. காரணம்: தெரியவில்லை, கேட்டால் இன்னும் இரண்டு நாள் ஆகும். தீர்வு: உளுந்தூர்பேட்டை பரோட்டா.'

லாரன்ஸ் சிரித்துவிட்டு, முன்பக்கத்துக்குப் புரட்டினான்.

முதல் பக்கத்தின் தலையில் பெரிய எழுத்தில் ஒரு வரி. 'பதில் வந்தது என்றால் ஆள் பார்த்தான் என்று அர்த்தமில்லை.' வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருவரும் சேர்ந்து அடிவாங்கிக் கற்றது.

பிறகு, எழுதியிருந்ததில் கடைசிப் பக்கத்துக்குப் போனான். எழுத்து சாய்ந்திருந்தது.

'3.10. விழுந்துவிட்டேன். பின்கட்டிலிருந்து தவழ்ந்து வந்து அழுத்தினேன். பச்சை. லாரன்ஸ் பார்த்துவிட்டான். லேப்டாப் உள்ளறையில். தவழ்ந்தால் எட்டிவிடலாம். தேவையில்லை. அவன் வர இரண்டு மணி நேரம். அசையாமல் இருப்பது நல்லது.

5.40. மறுபடி அழுத்தினேன். பச்சை. உடனே.

6.30. பச்சை. வளைவுகளில் பனி இறங்கியிருக்கும். மெதுவாக வரட்டும்.

அறிகுறி: பச்சை வருகிறது. ஆள் வரவில்லை.
செய்தது: காத்திருந்தேன்.
காரணம்:'

அதற்குப் பின் ஒன்றும் இல்லை.

லாரன்ஸ் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். தெரியாமல் விட்டானா? தெரிந்ததால் விட்டானா? 'உடனே' என்று எழுதியிருக்கிறானே. ஒரு நொடிக்குள் பச்சை வந்தால் அது மனிதக் கை இல்லை என்று பூமாலைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளியே பனி ஜன்னலை மூடியிருந்தது. எழுத்து மங்கியதும்தான் எவ்வளவு நேரம் ஆகிவிட்டது என்று உறைத்தது.

பின்கட்டில் ஏதோ விழுந்தது.

கனமாக. ஒரே ஒரு முறை.

பிறகு தரையில் எதையோ இழுக்கும் சத்தம். கொஞ்சம் இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி கொஞ்சம்.

பினாயில் வாடை போய்விட்டது. ஈரச் செம்மண்ணும் வியர்வையும் மணத்தன.

சத்தம் வெளுத்த பட்டையின் மேலேயே வந்தது. அங்கே யாரும் இல்லை. அவன் முழங்காலைத் தாண்டிப் போய், சுவரோரம் நின்றது.

டிக்.

பட்டன் தானாக உள்ளே போய் வந்தது. மூடி கழன்ற பெட்டியில் விளக்கு சிவந்தது.

சட்டைப் பையில் போன் அலறியது. சிக்னல் கோடு ஒன்றுகூட எடுக்காத போன். திரையில் மணி 3.10. 'பூமாலை அழுத்தியிருக்கிறான்.'

லாரன்ஸ் விரலை அசைக்கவில்லை. அசைக்க முடியவில்லை.

விளக்கு பச்சையானது.

ஒரு நொடிகூட ஆகவில்லை.

அவன் காதுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்கிற உடம்பின் சத்தம். பிறகு நிம்மதியாக ஒரு பெருமூச்சு.

"பாத்துட்டான்."

மலை இறங்கியது லாரன்ஸுக்கு நினைவில்லை. கோமுகி அணைக்கரையில் பைக்கை நிறுத்தி, அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழித்தது மட்டும் நினைவிருக்கிறது. பதினாறு துண்டு. ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டான். எண்ணிக்கை தப்பவில்லை.

மறுநாள் நைனார்பாளையம். ராதிகா நோட்டை மடியில் வைத்துப் புரட்டினாள். பரோட்டா பக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "மூணு தபா மன்னிப்பாம். ஒரு தபாதான் ண்ணா கேட்டாரு. பொய்யி."

பிறகு இன்னும் புரட்டினாள். நின்றாள்.

"ண்ணா."

"இன்னாம்மா?"

"பச்சை வந்திச்சின்னு எழுதிகிறாரு. லைனே இல்லன்னு சொன்னீங்க."

லாரன்ஸ் எட்டிப் பார்த்தான். பக்கம் முழுசாக இருந்தது. கிழிசலோ ஒட்டோ இல்லை. ஓரங்கள் மட்டும் ஈரத்தில் நெளிந்திருந்தன. தாளிலிருந்து பாசி வாடை வந்தது.

ராதிகா நிமிர்ந்து அவனையே பார்த்தாள். அவள் கோபப்படவில்லை. இன்னொரு பொய் இருந்தால் சொல், நம்பிவிடுகிறேன் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"லைன் இருந்திச்சிம்மா" என்றான். "நான்தான் இல்ல."

எல்லாவற்றையும் சொன்னான். வோல்டேஜ், மீட்டிங், ஆறு வரி, மறதி, அழித்தது, மலை வீட்டில் கேட்ட குரல், கோமுகி. சொல்லி முடிக்கும்வரை அவள் நோட்டில் செருகியிருந்த பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"ஆறு வரியா?"

"ஆறு."

"பச்சை வரலன்னா இன்னா பண்ணியிருப்பாரு?"

"லேப்டாப்புக்குத் தவழ்ந்து போயிருப்பான். யாருக்காச்சும் சொல்லியிருப்பான்."

ராதிகா நோட்டையும் பேனாவையும் அவன் முன்னால் தள்ளினாள். "காரணம்னு போட்டு உங்களுக்காக எடம் வுட்டு வெச்சிகிறாரு. எழுதுங்க."

லாரன்ஸ் தன் பெயரை எழுதினான். அதற்குக் கீழே அந்த ஆறு வரிகளையும் எழுதினான். மறந்தே போகாத ஆறு வரிகள்.

"தீர்வு?" என்று கேட்டான்.

"அத அவரு எழுதுவாரு." நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாசலில் அவன் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்று அவள் வந்து பார்க்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் மூன்று பத்துக்குப் போன் அலறியது. போனை மாற்றினான், அதிலும் வந்தது. திரையில் சிவப்பு, இப்போது தானாகப் பச்சை ஆவதில்லை. கையால் தொட வேண்டும். தொட்டதும், காதுக்குப் பக்கத்தில் அந்தப் பெருமூச்சு. அவனும் தினமும் தொட்டான். வேலையோ மாதா கோயிலோ, எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தொட்டான். எழுபத்தொரு நாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

எழுபத்திரண்டாம் நாள் உளுந்தூர்பேட்டையில் பஸ் மாட்டிக்கொண்டது. நெடுஞ்சாலையில் லாரி ஒன்று கவிழ்ந்திருந்தது. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டுப் பவர் பேங்க் வாங்கிப் போனை எழுப்பியபோது மணி நாலேகால். சிவப்பு. தொட்டான். திரும்பத் திரும்பத் தொட்டான்.

பச்சை ஆகவில்லை.

உடனே ராதிகா கூப்பிட்டாள். அந்த வாக்குமூலத்துக்குப் பிறகு முதல் தடவை.

"ண்ணா, தீர்வுல எழுதிகிறாரு."

"இன்னான்னும்மா?"

அவள் எழுத்தெழுத்தாகப் படித்தாள். "பச்சை வரவில்லை. இனிக் காத்திருப்பதில் பயனில்லை. லாரன்ஸிடம் நானே போகிறேன்."

மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு பைக்கில் இரண்டு மணி நேரம். தவழ்ந்து வந்தால் எத்தனை நாள் என்று லாரன்ஸ் கணக்குப் போடவில்லை.

இன்று காலை வாசல் கேட்டைத் திறந்தபோது தெரிந்தது. கேட்டுக்கு உள்ளே, சிமெண்டுத் தரையில், ஒரு ஆள் அகலத்துக்கு ஈரச் செம்மண் பட்டை. நாலு அடி நீளம். அதன் முனையில் ஒரு உள்ளங்கையின் அச்சு, விரல்கள் வீட்டைப் பார்த்து.

லாரன்ஸ் அதைக் கழுவவில்லை. மூன்று மணிக்கு, கதவைத் தாழ் போடாமல் நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, முன்னறைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டான்.

வெளியே, முதல் படியில், யாரோ மூச்சு வாங்கினார்கள்.